கழித்த கணினியின் விலை

அலுவலகத்தில் 'கண்டம்' என்று எழுதி ஒதுக்கப்பட்ட ஒரு கணினிக்கு ஒரே சமயத்தில் மூன்று விலைகள் இருக்கின்றன. கணக்கர் தம் ஏட்டில் வைத்திருக்கும் விலை ஒன்று. பழைய இரும்புக் கடைக்காரர் தராசில் நிறுத்துச் சொல்லும் விலை மற்றொன்று. மூடியைத் திறந்து, உள்ளே எவையெவை இன்னும் வேலை செய்கின்றன என்று பரீட்சித்து, அவ்வாறு வேலை செய்பவை யாருக்கு எப்பொழுது தேவைப்படும் என்பதையும் அறிந்த வியாபாரி வெளியே சொல்லாமல் மனத்துக்குள்ளேயே போட்டுக்கொள்ளும் விலை இன்னொன்று. கடைசியாகச் சொன்ன இந்த விலைக்கும் முதல் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலேதான் சென்னை ரிச்சி தெருவிலும் தில்லி நேரு பிளேஸிலும் எத்தனையோ குடும்பங்கள் ஜீவனம் செய்கின்றன.

இடைவெளி எப்படி உண்டாகிறது என்பதை அறிய ஏட்டிலிருந்தே தொடங்கலாம். வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுதோறும் 40 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொள்ள இடமுண்டு. 50,000 ரூபாய் கொடுத்து வாங்கிய யந்திரம் நான்கு ஆண்டுகள் கழிந்ததும் ஏட்டில் 6,480 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. மூன்று ஆண்டு வாரண்டியும் அதற்குள் முடிந்திருக்கும். பெரிய ஸ்தாபனங்களில் பழுதான ஒரு கணினியால் ஓர் ஊழியரின் அரைநாள் உழைப்பு வீணாவது புதிய கணினியின் விலையைவிடக் கவலை தருவதாகையால், பழுதாகும் வரையில் காத்திராமல், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நூறும் இருநூறுமாக மொத்தமாகக் கழித்துவிடுகிறார்கள். இவ்வாறு வெளியே வருவன பெரும்பாலும் செத்த யந்திரங்கள் அல்ல, பணி ஓய்வு பெற்றவை. இந்த வியாபாரத்தின் அஸ்திவாரமே அதுதான்.

கழித்தவற்றை வாங்குவதற்கு ஏலம் ஒரு வழி. மத்திய அரசு நிறுவனங்களும் பல வங்கிகளும் தங்கள் பழைய சாமான்களை, 1964-ஆம் ஆண்டில் உலோகக் கழிவு வியாபாரத்துக்கென்றே ஏற்படுத்தப்பட்ட எம்.எஸ்.டி.சி. என்னும் அரசு நிறுவனத்தின் மின்னணு ஏலத்தின் மூலம் விற்கின்றன. தனியார் கம்பெனிகளோ தங்களுக்குப் பழக்கமான வியாபாரிகளிடம் நேரே விலை கேட்டுக் கொடுத்துவிடுகின்றன. இரண்டிலும் சரக்கு 'லாட்'டாகத்தான் வரும். எண்பது கணினிகள், அவற்றுக்குரிய திரைகள், உடைந்துபோன யூ.பி.எஸ். பெட்டிகள், எதற்கென்றே தெரியாத ஒரு மூட்டை வயர்: எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. நல்லதை மட்டும் பொறுக்கிக்கொள்ள ஏலத்தில் இடமில்லை. ஆகவே அனுபவஸ்தர், கிட்டங்கியில் பார்வையிட அனுமதிக்கும் அந்தச் சிறிது நேரத்தில், வரிசையில் நிற்கும் யந்திரங்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்த மாதிரி, எந்தத் தலைமுறைப் பிராசசர், மூடிகள் ஏற்கெனவே திறக்கப்பட்டிருக்கின்றனவா என்பவற்றையே கவனிக்கிறார். மூடியின் திருகுகள் காணாமற் போயிருந்தால், உள்ளேயிருந்த ராமும் ஹார்டு டிஸ்க்கும் அவருக்கு முன்பே வேறு யாருக்கோ லாபமாகிவிட்டன என்று அர்த்தம்.

அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் பிரிகிற ரிச்சி தெருவும், அதனோடு பின்னிக் கிடக்கும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு முதலியவையும் ஒரு காலத்தில் வானொலிக்கும் ஒலிபெருக்கிக்கும் உதிரிப் பாகங்கள் விற்றவை. கணினி வந்தபோது அந்தத் தெருக்கள் அதையும் உதிரிப் பாகங்களின் தொகுதியாகவே பார்த்தன. அந்தப் பார்வை சரியானது என்றே நான் நினைக்கிறேன். அதிக தூரமில்லாத புதுப்பேட்டையில் ஒரு மோட்டார் காரைப் பிரித்துக் கதவு வேறு, கண்ணாடி வேறு, கியர் பெட்டி வேறு என்று அடுக்கி விற்கும் கலை நெடுங்காலமாக நடந்து வருவதையும் நினைத்தால், இந்நகரத்துக்குப் பிரித்து விற்கும் வித்தை புதிதல்ல என்பது விளங்கும்.

கடையின் பின்கட்டில் நடப்பது இதுதான். முதலில் ஒவ்வொரு யந்திரத்துக்கும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். திரையில் எழுத்து வந்தால் அது முழு யந்திரமாகவே விற்பதற்கு ஒரு பக்கம் போகும். டெல் லாட்டிட்யூட், எச்.பி. எலைட்புக், லெனோவோ திங்க்பேட் போன்ற, அலுவலகங்களுக்கென்று உறுதியாகச் செய்யப்பட்ட மடிக்கணினிகளுக்கு முழு உருவிலே மதிப்பு அதிகம். கல்லூரி மாணவர்களும் தட்டச்சு நிலையக்காரர்களும் தணிக்கையாளர் அலுவலகங்களும் அவற்றைத் தேடி வருகிறார்கள். எழுத்து வராதவற்றைப் பிரிக்கிறார்கள். அப்பொழுதுதான் ஒரு விசித்திரம் தெரியவருகிறது: பத்து மடிக்கணினிகள் செத்துக் கிடந்தால், பத்தும் ஒரே காரணத்தால் செத்திருப்பதில்லை. ஒன்றுக்குத் திரை போயிருக்கும்; மற்றொன்றுக்கு மதர்போர்டு; வேறொன்றின் கீபோர்டில் யாரோ காப்பியைக் கொட்டியிருப்பார்கள். ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறையால் நிரப்பினால் பத்தில் ஆறோ ஏழோ எழுந்து நடமாடத் தொடங்கும்; எஞ்சியவற்றிலிருந்தும் கீல், மூடி, சார்ஜர், வெப்பத்தை வெளியேற்றும் விசிறி என்று எடுத்து அடுக்க நிறைய இருக்கும். எடை போட்டு விற்றால் சில நூறு ரூபாய்கூடப் பெறாத செத்த மடிக்கணினி ஒன்றின் நல்ல திரை மட்டுமே அதைப் போலப் பல மடங்கு விலை போகிறது.

மதர்போர்டுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1999-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் உலகமெங்கும் விற்பனையான ஏராளமான போர்டுகளில், மின்பகு திரவத்தின் குறைபாட்டால் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்தன. தயாரிப்பாளர்கள் போர்டையே மாற்றச் சொன்னார்கள். பழுது பார்ப்பவர்களோ, உப்பிய கெப்பாசிட்டர்களைச் சூட்டுக்கோலால் எடுத்துவிட்டுச் சில ரூபாய் பெறுமான புதியவற்றைப் பற்றவைத்து, பல்லாயிரம் போர்டுகளுக்கு மறுபிறவி கொடுத்தார்கள். செத்தது என்று பிறர் எறிவதற்கும், எங்கே செத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசமே இத்தொழிலின் மூலதனம். பணம் அதற்கு அடுத்தபடிதான்.

கண்டுபிடிப்பதற்கு ஆகும் நேரத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஒரு ராம் பலகையை 'மெம்டெஸ்ட்' என்னும் சோதனை நிரலில் முழுவதுமாக ஓட்டிப் பார்க்கச் சில மணி நேரம் பிடிக்கிறது. ஹார்டு டிஸ்க் தன் ஆயுள் வரலாற்றைத் தனக்குள்ளேயே 'ஸ்மார்ட்' என்னும் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது: எத்தனை மணி நேரம் சுழன்றது, எத்தனை இடங்கள் கெட்டு அவற்றுக்குப் பதிலாக மாற்றிடங்கள் ஒதுக்கப்பட்டன என்பதையெல்லாம் அதிலே படிக்கலாம். கெட்ட இடங்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கிய வட்டை, இன்றைக்கு ஓடுகிறதே என்று விற்பவன் வாடிக்கையாளரை ஒரே முறைதான் பார்ப்பான். "டெஸ்டிங் வாரண்டி மட்டுந்தான் சார்" என்று பழைய சாமான் கடைகளில் சொல்கிறார்களே, வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து ஓடவில்லையென்றால் சில நாட்களுக்குள் கொண்டுவாருங்கள் என்ற அந்த வாய்மொழி ஒப்பந்தத்தின் மேலேதான் தெரு முழுவதும் நிற்கிறது. ரசீதைவிட முகத்துக்கே அங்கே மதிப்பு.

அந்தக் குறிப்பேட்டையே திருத்திவிடுகிறவர்களும் உண்டு. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு மோசடி வெளிப்பட்டது. சீகேட் நிறுவனத்தின் பெரிய கொள்ளளவு கொண்ட வட்டுகளைப் புதியவை என்று வாங்கியவர்கள், அவை முன்பே பல்லாயிரம் மணி நேரம் ஓடித் தேய்ந்தவை என்பதைக் கண்டார்கள். 'சியா' என்னும் மின்னாணயத்துக்காக வட்டுகளைக் குவித்து வைத்திருந்த கூடங்கள் அந்தத் தொழில் நொடித்ததும் கழித்துவிட்ட சரக்கு அது என்பது பொதுவான அபிப்பிராயம். 'ஸ்மார்ட்' கணக்கை யாரோ பூஜ்யமாக்கியிருந்தார்கள். ஆனால் அதே வட்டில் தயாரிப்பாளர் வேறோர் இடத்தில் வைத்திருந்த இன்னொரு கணக்கு அழிக்கப்படாமல் இருந்து, அது காட்டிக் கொடுத்துவிட்டது.

விலைகளின் ஏற்ற இறக்கம் இவ்வியாபாரத்தின் இன்னொரு ரகசியம். பழைய பாகத்தின் விலை அதன் வயதினாலேயே தீர்மானிக்கப்படுகிறது என்று வெளியிலிருப்பவர் நினைப்பார். தெருவில் இருப்பவருக்கு உலக வர்த்தமானங்களே முக்கியம். 2011-ஆம் ஆண்டின் கடைசியில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து, உலகத்தின் ஹார்டு டிஸ்க்குகளில் கணிசமான பகுதியைச் செய்துகொண்டிருந்த ஆலைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சில வாரங்களில் புதிய வட்டின் விலை இரட்டித்தது. அலமாரியில் தூசி படிந்து கிடந்த பழைய வட்டுகளும் அதனோடு கூடவே ஏறின. இதற்கு நேர்மாறான சம்பவம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி நடந்தது. அன்றைய தினம் 'எத்தீரியம்' என்னும் மின்னாணய முறை தன் இயங்கும் விதத்தை மாற்றிக்கொண்டதால், அந்நாணயத்தைத் தோண்டுவதற்காக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த கிராபிக்ஸ் கார்டுகளுக்கு ஒரே நாளில் வேலை இல்லாமற் போயிற்று. அவற்றுள் ஏராளமானவை பழைய சந்தையில் வந்து குவிந்தன. முதல் வாரம் மலிவென்று வாங்கிக் குவித்தவர்கள் அடுத்த மாதம் அதைவிட மலிவைக் கண்டார்கள்.

மிகப் பழையனவற்றுக்கோ தனி நியாயம். யந்திரம் ஒரு குறிப்பிட்ட வயதுவரையில் விலை குறைந்துகொண்டே போய், எவரும் சீந்தாத நிலையை அடைந்து, அதற்குப் பின்னும் அழியாமல் தப்பிவிட்டால் மறுபடியும் விலை ஏறத் தொடங்குகிறது. பெரிய லேத் யந்திரத்தையோ எம்பிராய்டரி யந்திரத்தையோ லட்சக் கணக்கில் கொடுத்து வாங்கியவர், அதை ஆட்டிவைக்கும் இருபது வருஷத்துக் கணினி கெட்டுப்போயிற்று என்பதற்காக யந்திரத்தையே மாற்ற மாட்டார். அதே பழைய ரகப் போர்டு, அதே பழைய இணைப்பு வாய், அதே பிளாப்பி டிரைவ் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டு வருவார். சொன்ன விலையைக் கொடுப்பார். இது ஏழை நாட்டு விவகாரம் என்று எண்ண வேண்டாம். கணினித் தொழிலின் தலைநகரம் என்று சொல்லத்தக்க சான் பிரான்சிஸ்கோவிலேயே நகர ரயில்களை நடத்தும் முறை 1998-ஆம் ஆண்டு முதல் பிளாப்பித் தட்டுகளைக் கொண்டே தினமும் காலையில் எழுப்பப்பட்டு வந்தது. அதே பிரதேசத்தில், மில்பிட்டஸ் என்ற ஊரிலுள்ள ஒரு மறுசுழற்சி நிலையத்தில், 2015-ஆம் ஆண்டில் ஒரு மாது, காலஞ்சென்ற கணவரின் சாமான்கள் என்று சொல்லிச் சில பெட்டிகளை வைத்துவிட்டு, ரசீதுகூட வாங்காமல் போய்விட்டார். சில வாரங்கள் கழித்துப் பெட்டியைத் திறந்தவர்கள், 1976-இல் ஸ்டீவ் ஜாப்ஸும் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் கையாலே செய்து விற்ற ஆப்பிள்-1 கணினி ஒன்றை அதிலே கண்டார்கள். அது 2 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. பாதிப் பணத்தை அவருக்குக் கொடுப்பதற்காக அந்த மாதைத் தேடும்படி ஆயிற்று! திறந்து பார்ப்பவரின் கையிலே பழைய பெட்டி என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதே வட்டுகளும் பெட்டிகளும் வேறொரு சரக்கையும் சுமந்து வருகின்றன. அது அவற்றை விற்றவரின் அந்தரங்கம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாயிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்னும் இருவர் 158 பழைய வட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓடக்கூடியனவாயிருந்த 129 வட்டுகளில் 12 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன. மற்றவற்றில் வைத்தியக் குறிப்புகள், காதல் கடிதங்கள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கடன் அட்டை எண்கள் ஆகிய எல்லாம் இருந்தன. கோப்பை அழிப்பது என்று நாம் சொல்வது, புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடிப்பது மாத்திரமே. பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. இதைச் சிறிய மனிதர்கள் மட்டுமே அறியாதிருக்கிறார்கள் என்பதில்லை. மார்கன் ஸ்டான்லி என்னும் பெரிய நிதி நிறுவனம், பழைய வட்டுகளை அப்புறப்படுத்தும் வேலையை, அதில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றினிடம் ஒப்படைத்தது. வாடிக்கையாளர்களின் விவரங்களோடு அவற்றிற் சில ஏலத்தில் விலை போயின. 2022-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் விதித்த அபராதம் 3.5 கோடி டாலர். ஆகவே வட்டுகளைத் துடைத்து, துடைத்ததற்குச் சான்றிதழும் எழுதிக் கொடுக்கக்கூடிய வியாபாரிக்குக் கம்பெனிகள் சரக்கைக் குறைந்த விலைக்கே தருகின்றன. சில சமயங்களில் எடுத்துப் போவதற்குக் கூலியும் தருகின்றன. நாணயத்துக்கு இங்கே ரொக்க மதிப்பு உண்டு.

இனித் தங்கத்துக்கு வருவோம். பழைய கணினி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்; நான் அதை இதுவரை ஒத்திவைத்ததற்குக் காரணம், எந்த ஆசையினால் மனிதர்கள் இந்தத் தொழிலுக்குள் நுழைகிறார்களோ, அதே ஆசையினால்தான் பெரும்பாலும் நஷ்டப்படுகிறார்கள் என்பது. கணினியில் தங்கம் இருப்பது உண்மை. துருப்பிடியாமலும் மின்சாரம் தடைப்படாமலும் இருக்கவேண்டிய தொடுமுனைகளில் அதைப் பூசுகிறார்கள். ஆனால் எவ்வளவு? ஒரு டி.டி.ஆர்-3 ராம் பலகையின் விளிம்பில் 240 பொன்னிறத் தொடுமுனைகள் உள்ளன. நல்ல தரமான பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்லா முனைகளின் பரப்பையும் கூட்டி, பூச்சு முழுத் தடிமனில் இருப்பதாகவே தாராளமாகக் கணக்கிட்டாலும் ஒரு பலகைக்கு 6 முதல் 8 மில்லிகிராம் வரையில்தான் வருகிறது. ஒரு கிராம் சேர ஏறக்குறைய 150 பலகைகள் வேண்டும். கிராம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு பலகையின் தங்கம் 80 ரூபாய். அதுவும் அமிலச் செலவும், ஆட்கூலியும், உருக்கும்போது போகும் சேதாரமும் கழிவதற்கு முன்பு. வேலை செய்யும் அதே பலகை, கொள்ளளவைப் பொறுத்து, பல நூறு ரூபாய்க்கு விலை போகும். ஓடுகிற ராமை அமிலத்தில் போடுவது, விதைநெல்லைக் கோழித் தீவனத்துக்கு விற்பதைப் போன்றது.

பழைய காலத்துப் பாகங்களில் தங்கம் தாராளம் என்பதை மறுக்கவில்லை. 1995-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட பென்டியம் புரோ என்னும் பிராசசர், பீங்கான் உறையும் தங்கப் பூச்சும் கொண்ட கனமான பண்டம். உருக்குபவர்கள் அதைத் தேடித் தேடி வாங்கியதாலேயே அது அபூர்வமாகி, இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் கொடுக்கும் விலை தங்கத்தின் விலையைத் தாண்டுவதும் உண்டு. பின்னால் வந்த பொறியாளர்களோ பூச்சை மெல்லியதாக்கினார்கள். சில்லுகளுக்குள் ஓடிய தங்க இழைகளின் இடத்தில் பெரும்பாலும் செம்பு இழைகளை வைத்தார்கள். தங்கத்தின் விலை ஏற ஏற, கணினியில் அதன் அளவு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

கோலார் தங்கவயலை நினைவு கூர்ந்தால் ஒரு விஷயம் இன்னும் தெளிவாகும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாதாளத்தில் இறங்கி உழைத்த அந்தச் சுரங்கம், டன்னுக்கு மூன்று நான்கு கிராம் என்ற அளவில் தாது வறண்டு, 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. ஒரு டன் கணினிப் போர்டுகளிலோ, ரகத்துக்கு ஏற்றவாறு, சில பத்துக் கிராம் முதல் 200 கிராமுக்கு மேலும் தங்கம் உண்டு. இதைக் கேட்டவுடன் குப்பையே பெரிய சுரங்கம் என்று தோன்றும். ஆனால் தோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானியர்கள் 2017 முதல் 2019 வரை நாடெங்கும் திரட்டிய பழைய சாதனங்களின் எடை சுமார் 79,000 டன்; அதில் 62 லட்சம் கைபேசிகளும் அடக்கம்; எடுக்கப்பட்ட தங்கம் 32 கிலோ. வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு அரைக் கிராம்கூட இல்லை! பிரிக்காத குவியலாக நின்றால் மின்னணுக் கழிவு, வறண்டு போய் மூடிய கோலாரைவிட ஏழைச் சுரங்கம். இரும்புப் பெட்டியையும் பிளாஸ்டிக்கையும் அகற்றி, போர்டை ரகம் ரகமாகப் பிரித்து அடுக்கும் மனிதனின் கைதான் அதைச் செல்வமாக்குகிறது. அந்தக் கைக்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு என்பது வேறு கதை.

அக்கதை சந்தோஷமானதன்று. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர்போன மொராதாபாத்தில், உலோகத்தை உருக்கவும் வார்க்கவும் தெரிந்த கைகள் ஏராளமாக இருந்ததனாலேயே, தில்லியின் சீலம்பூரில் பிரிக்கப்பட்ட போர்டுகள் அங்கே போய்ச் சேர்ந்தன. ராமகங்கை நதிக்கரையில் போர்டுகளை எரித்து, சாம்பலைச் சலித்துக் கழுவி, செம்பும் ஏனையவும் எடுத்தார்கள். சீனாவில் குவியூ என்ற ஊரும் இதே தொழிலால் உலகப் பிரசித்தி அடைந்தது; அதன் மண்ணும் நீரும் நஞ்சாயின. பழைய பற்றாசில் ஈயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பழைய கண்ணாடித் திரையின் பின்புறத்திலும் ஈயம். போர்டு தீப்பற்றாதிருக்கச் சேர்க்கப்படும் புரோமின் பொருள்கள், குறைந்த சூட்டில் எரியும்போது டயாக்ஸின் என்னும் கொடிய நஞ்சாகின்றன. நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களைக் கலந்து தங்கத்தைக் கரைக்கும்போது எழும் செம்பழுப்புப் புகை நுரையீரலை அரித்துவிடும். சுவாசித்த உடனே தெரியாமல், சில மணி நேரம் கழித்து மூச்சு முட்டவைக்கும் வஞ்சகம் அதற்கு உண்டு. வீட்டு மொட்டை மாடியில் பக்கெட்டும் அமிலமும் வைத்துக்கொண்டு தங்கம் எடுக்கலாம் என்று படம் பிடித்துக் காட்டுகிறவர்கள் இந்த மணிக் கணக்கைச் சொல்வதில்லை.

முறையாகச் செய்யும் இடங்கள் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பெல்ஜியத்தில் ஹோபோக்கனிலுள்ள யூமிகோர் ஆலை அவற்றில் ஒன்று. ஜப்பானில் அகிதா மாகாணத்துக் கொசாகா மற்றொன்று. கொசாகாவில் நிலத்தடித் தாதுவை உருக்கிய ஆலை, சுரங்கம் ஓய்ந்த பிறகு நகரங்களின் கழிவை உருக்கத் தொடங்கியது. கோலாருக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. இத்தகைய உலைகளில் போர்டின் பிளாஸ்டிக் எரிபொருளாக, உருகிய செம்பு தங்கத்தையும் வெள்ளியையும் பல்லேடியத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் சேர்கிறது. புகையையும் பிடித்துச் சுத்தம் செய்கிறார்கள். அதற்கு வேண்டிய மூலதனம் தெரு வியாபாரியின் கனவுக்கும் எட்டாதது. ஆகவே அவருக்கு உகந்தது, போர்டை உடைக்காமல், ரகம் பிரித்து, மொத்தமாகச் சேர்த்து மேலே அனுப்புவதுதான். வெப்பம் தணிக்கும் அலுமினியப் பாளங்கள், எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டிக்குள் இருக்கும் செம்புச் சுருள், வயர், ஹார்டு டிஸ்க்கின் வார்ப்பு உடல், இரும்புப் பெட்டி ஆகியவற்றை அமிலமும் நெருப்புமின்றித் திருப்புளியாலேயே பிரித்து, அந்தந்த உலோகத்தின் அன்றைய விலைக்கு விற்கலாம். கலந்து விற்றால் எல்லாம் இரும்பு விலைக்கே போகும்.

சட்டமும் இந்தப் பக்கமே தள்ளுகிறது. 2022-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, புதுப்பித்து விற்பவரும் மறுசுழற்சி செய்பவரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பெரிய கம்பெனிகள் பதிவுச் சான்று இல்லாதவருக்குச் சரக்குக் கொடுக்கத் தயங்குகின்றன. சைக்கிளில் வந்து தராசு பிடிப்பவரை இச்சட்டம் எங்கே வைக்கிறது என்பதற்குத் திருப்தியான விடை எனக்குத் தெரிந்தவரையில் இல்லை. ஆனால் உலகம் 2022-இல் எறிந்த 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில், முறையாகச் சேகரிக்கப்பட்டுக் கணக்கில் வந்தது 22.3 சதவீதமே என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை சொல்லும்போது, மீதியில் கணிசமான பங்கைச் சுமப்பவர் அவரும் அவரைப் போன்றவர்களுமே என்று ஊகிப்பதற்கு அதிக யோசனை வேண்டியதில்லை.

தொழிலின் வருங்காலத்தைப் பற்றித் தெருவிலே கவலை இருக்கிறது. மெல்லிய மடிக்கணினி வேண்டுமென்ற மோகத்தால் ராமையும் சேமிப்புச் சில்லையும் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள். ஒன்று கெட்டால் எல்லாம் போயிற்று, ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் மாட்டும் பழைய வித்தைக்கு அங்கே இடமில்லை. கம்பெனிகள் தொலைவிலிருந்தே பூட்டி வைக்கும் மடிக்கணினிகளும், பழைய உரிமையாளரின் கடவுச்சொல் இல்லாமல் திறக்க மறுப்பவையும் இன்னொரு தொல்லை. லாட்டு வாங்குமுன் பூட்டு நீக்கப்பட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளாதவர், பளபளப்பான சரக்கை எடை விலைக்கு விற்க நேரும்.

ஆயினும் சந்தர்ப்பங்களும் ஓயவில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த பதிப்பின் நிபந்தனைகளுக்கு உட்படாத பழைய பிராசசர் என்ற ஒரே குற்றத்துக்காக நல்ல யந்திரங்களைக் கழிப்பதற்கு அலுவலகங்களுக்கு அது ஒரு காரணமாயிற்று. லினக்ஸ் ஏற்றிக் கொடுக்கத் தெரிந்த கடைக்காரருக்கு அவை மலிவான சரக்கு. அதே ஆண்டின் இறுதியில், செயற்கை அறிவுக் கூடங்களுக்கான நினைவகச் சில்லுகளின் பக்கம் தயாரிப்பாளர்கள் திரும்பிவிட, சாதாரண ராமின் விலை மளமளவென்று ஏறியது. மைக்ரான் நிறுவனம் 'க்ரூஷியல்' என்ற தன் சில்லறைப் பெயரையே கைவிடப் போவதாக டிசம்பரில் அறிவித்தது. கழித்த யந்திரம் மலிந்து, அதனுள்ளிருக்கும் ஒரு பலகை மாத்திரம் அருகிப்போன இந்தச் சமயத்தில், லாட்டு வாங்கச் செல்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "ராம் உள்ளே இருக்கிறதா, கழற்றிவிட்டீர்களா?" என்பதே.